கழற்றியதைப் பூட்டும்போது: பழைய புல்லட் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருவொற்றியூரில் செய்த பழைய ராயல் என்ஃபீல்டு 350 புல்லட் பற்றியவை. ‘காஸ்ட் அயர்ன்’ என்று எல்லோரும் சொல்கிற, வார்ப்பிரும்பு சிலிண்டரும் வலது கால் கியரும் உள்ள வண்டி. கழற்றுவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எல்லாக் கேள்வியும் பூட்டுவதில்தான்.

தாத்தாவின் புல்லட்டை முழுக்கக் கழற்றி, சேஸுக்குப் பவுடர் கோட்டிங் முடித்துவிட்டோம். எதில் தொடங்கிப் பூட்டுவது? (காரைக்குடி வாசகர்)

பூட்டுவதற்கு முன் பெயின்ட்டைச் சுரண்டுவதில் தொடங்குங்கள். பவுடர் கோட்டிங் சாதாரணப் பெயின்ட்டைவிடத் தடிமன். கழுத்துக் குழாயில் ஸ்டீயரிங் கப் உட்காரும் வாய், ஸ்விங் ஆர்ம் புஷ் போகும் துளை, எஞ்சின் பிளேட் சேஸோடு ஒட்டும் முகம் ஆகிய மூன்று இடத்திலும் வெற்று இரும்பு தெரிய வேண்டும். கோட்டிங் மேலேயே கப்பை அடித்து இறக்கினால் அது சாய்ந்து உட்காரும். பிறகு எப்படி டைட் வைத்தாலும் ஹேண்டில் ஒரு இடத்தில் பிடிக்கும், இன்னொரு இடத்தில் லூஸாக இருக்கும். எஞ்சின் பிளேட்டுக்கு அடியில் கோட்டிங் விட்டுவைத்தால் சூட்டிலும் அதிர்விலும் அது நசுங்கும், ஆயிரம் கிலோமீட்டருக்குள் எஞ்சின் போல்ட் எல்லாம் தானாக லூஸாகும். மரை இருக்கும் துளை ஒவ்வொன்றிலும் அதற்கான டேப்பை (மரை வெட்டும் கருவி) கையாலேயே ஒருமுறை ஓட்டி எடுங்கள். பேட்டரி எர்த் ஒயர் சேஸைத் தொடும் இடத்தையும் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். ‘ரெஸ்டோர் செய்த பிறகு லைட் மங்கலாக எரிகிறது’ என்று வரும் புகாரில் பாதிக்குக் காரணம் இந்த ஒரு ரூபாய் அகல இடம்தான்.

அதன் பிறகு வரிசை: சென்டர் ஸ்டாண்ட், ஸ்விங் ஆர்ம், ஃபோர்க், இரண்டு சக்கரம். வண்டி தன் காலில் நின்றபின் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாக ஏறட்டும். இரண்டு பேர் தூக்க, மூன்றாவது ஆள் பின் போல்ட்டைக் கோக்க வேண்டும். சேஸ் கீழ்க்குழாயில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டுத் தூக்குங்கள், புதுப் பெயின்ட் தப்பும். எல்லா எஞ்சின் போல்ட்டையும் கைவிரல் டைட்டில் கோத்து முடித்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை நேராக வராது, அங்கே சுத்தியல் எடுக்க நேரும்.

ஸ்டீயரிங் பால்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கிரீஸ் வைத்துக் கப்பை முழுக்க நிரப்பி, பிறகு ஒரு பாலை எடுத்துவிடுங்கள். உருள அந்த இடைவெளி வேண்டும். நெருக்கி அடைத்தால் பால் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு கப்பில் குழி போடும்.

எஞ்சினின் வலது பக்க டைமிங் கவரில் ஒரு போல்ட் தொலைந்துவிட்டது. கடையில் வாங்கிய 8 எம்.எம். போல்ட் இரண்டு சுற்று போனதும் இறுகியது. கொஞ்சம் அழுத்தி முறுக்கியதில் மரையே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தரமில்லாத போல்ட்டா? (கோயம்புத்தூர் வாசகர்)

போல்ட் நல்ல போல்ட்தான், மரை வேறு. இந்த வண்டியின் வரைபடம் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்தது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா சென்னையில் தொழில் தொடங்கியபோது அந்த ஊர் மரையும் கூடவே வந்தது. பின்னாளில் சில இடங்களில் மெட்ரிக் மரையும் கலந்ததால் குழப்பம் இன்னும் கூடியது.

கணக்கைப் பாருங்கள். 5/16 இன்ச் போல்ட்டின் குறுக்களவு 7.94 எம்.எம். கையில் வைத்துப் பார்த்தால் 8 எம்.எம். போல்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்த வண்டியில் உள்ள பி.எஸ்.எஃப். மரை (பிரிட்டிஷ் நெருக்க மரை) ஒரு இன்ச்சுக்கு 22 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 1.15 எம்.எம். சாதாரண 8 எம்.எம். போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1.25 எம்.எம். முதல் இரண்டு சுற்றுக்கு இந்த 0.1 எம்.எம். தெரியாது. நான்காவது சுற்றில் 0.4 எம்.எம். விலகியிருக்கும், அப்போது இரும்பு மரை அலுமினிய மரையை அறுக்க ஆரம்பிக்கும். நீங்கள் உணர்ந்த ‘இறுக்கம்’ அந்த அறுப்புதான். மரையின் கோணமும் ஒன்றல்ல: பி.எஸ்.எஃப். 55 டிகிரி, மெட்ரிக் 60.

இதிலும் ஒரு கிளை உண்டு. அதே 5/16 குறுக்களவில் சைக்கிள் மரை என்று இன்னொன்று, இன்ச்சுக்கு 26 சுற்று. ஆகவே தொலைந்த போல்ட்டுக்குப் பக்கத்துத் துளையில் இருப்பதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு போல்ட்டை மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் வெளிச்சம் கசியாமல் இருந்தால்தான் ஒரே மரை. மரையின் நெருக்கத்தை அளக்கும் 300 ரூபாய் பிட்ச் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. விரலால் சுற்றி அடிவரை போகாத போல்ட் அந்தத் துளைக்கு உரியதல்ல.

போன மரைக்கு ஹெலிகாயில் (துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடலாம். 5/16 பி.எஸ்.எஃப். செட்டே கேட்டு வாங்குங்கள், 8 எம்.எம். ஹெலிகாயில் போட்டுவைத்தால் அடுத்துக் கழற்றுபவர் இதே தவறைத் தலைகீழாகச் செய்வார். ‘பெரிய டேப் அடித்து 10 எம்.எம். போட்டுவிடலாம்’ என்பவரிடம் கவரைக் கொடுக்காதீர்கள், ஓரச்சுவர் அந்த அளவுக்குத் தடிமன் இல்லை.

ஸ்பேனரும் இதே கதை. 5/16 பி.எஸ்.எஃப். நட்டின் தலை 0.525 இன்ச், 13.3 எம்.எம். 13 நுழையாது, 14 போட்டால் முனை மழுங்கும். ஸ்பேனரில் ‘1/4 டபிள்யூ’ என்று அடித்திருக்கும் அளவுதான் இதற்கு. பழைய இரும்புக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது.

எஞ்சின் பூட்டி ஸ்டார்ட் செய்தோம். ஆயில் சுற்றுகிறதா என்று எப்படி உறுதிசெய்வது? டைமிங் பக்கம் கழற்றும்போது ஒரு நட் எவ்வளவு முயன்றும் அசையாமல், கடைசியில் உளி வைத்துக் கழற்றினார்கள். (நாகர்கோவில் வாசகர்)

இரண்டாவதற்கு முதலில் பதில். கிராங்க் முனையில் உள்ள அந்த நட் வெறும் நட் அல்ல, ஆயில் பம்பைச் சுற்றும் வார்ம் (திருகு மாதிரிப் பல் உள்ள கியர்) அது. அதன் மரை இடது. கடிகார முள் திசையில் சுற்றினால் கழலும். உளி வைத்தவர் அதை மேலும் மேலும் டைட் செய்துகொண்டிருந்திருக்கிறார். வார்மின் பல்லில் உளித் தடம் இருந்தால் மாற்றிவிடுங்கள். பிசிறு உள்ள வார்ம் பம்ப் ஸ்பிண்டிலின் பல்லைச் சீவும், அந்தத் தூள் ஆயிலில்தான் போகும்.

இனி ஆயில். இந்த எஞ்சினில் கிராங்க் கேஸ் வார்ப்புக்குள்ளேயே ஆயில் டேங்க் தனி அறையாக இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும், இன்னொன்று கிராங்க் அடியில் விழுவதைத் திருப்பி அனுப்பும். இரண்டும் டிஸ்க் பம்ப். தட்டையான டிஸ்க், தட்டையான முகம், பின்னால் ஒரு ஸ்பிரிங். முகத்தில் கீறல் இருந்தால் பம்ப் தள்ளாது. கண்ணாடித் துண்டின் மேல் பிராஸ்ஸோ மாதிரியான பாலிஷைத் தடவி, டிஸ்க்கை ‘8’ போடுகிற மாதிரி தேய்த்து, முகம் முழுக்க ஒரே மங்கலாக வரும்வரை உரசுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் தொட்டுப் பூட்டுங்கள். பம்ப் கவரைத் திருகு போடாமல் வைத்துப் பார்த்தால், ஸ்பிரிங் அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்காவிட்டால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது பேக்கிங் தடிமன்.

டைமிங் கவரை மூடும் முன் ஒரே ஒரு சின்னப் பொருளைத் தேடுங்கள். கிராங்க் முனைக்கு நேராகக் கவருக்குள் ஒரு சீல் உட்காரும், பழைய வண்டியில் கார்க், பிறகு வந்தவற்றில் ரப்பர். பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடம்) போகும் ஆயில் முழுக்க அந்தச் சீலைக் கடந்துதான் கிராங்க்குக்குள் நுழைகிறது. பழைய கவரோடு ஒட்டிக்கொண்டே வந்து, கழுவும்போது குப்பையோடு போய்விடும். அது இல்லாமல் மூடினாலும் ஆயில் சுற்றுவது போலத்தான் தெரியும், மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்கும் ஏறும். பிக் எண்ட் மட்டும் பட்டினி கிடந்து சில நூறு கிலோமீட்டரில் தட்ட ஆரம்பிக்கும். சுண்டைக்காய் சீலுக்குக் கிராங்க் வேலை கூலி.

கவரைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்காதீர்கள். வார்மும் பம்ப் ஸ்பிண்டிலும் பல்லோடு பல் சேர, கிராங்க்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே தள்ளினால் தானே உள்ளே போகும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், ஃபெல்ட் ஃபில்டர் உட்காரும் அறையை ஆயிலால் நிரப்புங்கள். காலி அறையை பம்ப் நிரப்பி முடிக்கும்வரை பிக் எண்டுக்கு ஒரு சொட்டும் போகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஐம்பது அறுபது கிக் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்குப் போகும் பைப்பின் மேல் பேஞ்சோ போல்ட்டை (நடுவே ஆயில் போகத் துளை உள்ள போல்ட்) கொஞ்சம் லூஸ் செய்து பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆயில் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். ‘கொஞ்சம் ஓடினால் வந்துவிடும்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் வெள்ளையாகப் புகைவதை ரிங் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டேங்க் ஆயில் டிஸ்க் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் நிறைந்திருக்கும். கிராங்க் கேஸ் அடியில் உள்ள வடிகால் பிளக்கைக் கழற்றி வடித்துவிட்டு, மறுபடி பூட்டிக் கிக் அடியுங்கள்.

டேப்பெட்டுக்கு எத்தனை இடைவெளி வைப்பது? ஒருவர் 4 தவ் (ஒரு தவ் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்கிறார், ஒருவர் 6 என்கிறார். (சேலம் வாசகர்)

இரண்டும் வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி சூன்யம். சூடேறும்போது இந்த எஞ்சினில் இடைவெளி கூடும், குறையாது.

பிஸ்டன் கம்ப்ரஷனில் டாப்புக்கு வரட்டும். ஒற்றை நட்டில் நிற்கும் டேப்பெட் கவரைக் கழற்றினால் ராக்கரைத் தள்ளும் புஷ் ராடின் அடியில் அட்ஜஸ்டர் தெரியும். இரண்டு விரலால் புஷ் ராடைச் சுற்றிப் பாருங்கள்: தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலாவிட்டால் வால்வ் முழுக்க மூடவில்லை. எக்ஸாஸ்ட் வால்வ் ஓரம் கருகிப்போகும். லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி சுற்றிப் பாருங்கள், இறுக்கும்போது அளவு நகர்வது வழக்கம்.

ராக்கர் உட்காரும் பிளாக்கின் இரண்டு பாதியும் ஜோடி. இன்லெட்டின் மேல் பாதியை எக்ஸாஸ்ட்டில் வைத்தால் துளை வட்டமாக வராது, ராக்கர் பிடிக்கும். புஷ் ராடு இரண்டும் அப்படியே. கழற்றும்போதே நூலைக் கட்டி அடையாளம் வைத்திருக்க வேண்டும்.

எல்லாப் பேக்கிங்கும் புதிது, சிலிக்கானும் தாராளமாகப் போட்டோம். இருந்தும் நாலு பக்கமும் ஆயில் கசிகிறது. (விழுப்புரம் வாசகர்)

நாலு பக்கமும் என்றால் பேக்கிங் மேல் பழி போடாதீர்கள், பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் கீழே வரும்போது கிராங்க் கேஸ் காற்று வெளியே போக வேண்டும், மேலே போகும்போது உள்ளே வரக் கூடாது. அதற்குத்தான் வாத்து அலகு மாதிரி ரப்பர் வால்வ். வாயால் ஊதிப் பாருங்கள்: ஒரு பக்கமிருந்து போகும், மறுபக்கமிருந்து போகாது. ரப்பர் விறைத்து ஒட்டியிருந்தாலோ தலைகீழாகப் பூட்டியிருந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த இடுக்கில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். பெயின்ட் செய்தவர் பிரீதர் குழாய் வாயை அடைத்துவிட்டாரா என்றும் பாருங்கள்.

‘தாராளமாக’ என்று எழுதியிருப்பது கவலை தருகிறது. வெளியே பிதுங்கியதைத் துடைத்திருப்பீர்கள்; அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துணுக்கு உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். கிராங்க் கேஸ் சேரும் இடத்தில் ஷெல்லாக் மெல்லிய பூச்சு போதும். பேக்கிங் உள்ள இடத்தில் இரண்டு பக்கமும் கிரீஸ் தடவினாலே நிற்கும், அடுத்த முறை கிழியாமலும் வரும். செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், மறுபடி பயன்படுத்தலாம்.

இடது பக்கப் பிரைமரி கவர் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடுவது) மட்டும் தனி விஷயம். நடுவில் ஒரே ஒரு நட், ஓரத்தில் ரப்பர். கசிந்தால் எல்லோரும் அந்த நட்டை இன்னும் முறுக்குகிறார்கள். நடுப்பகுதி உள்வாங்கி ஓரம் தூக்கும், கசிவு அதிகமாகும். கவரைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் பாருங்கள். ஆடினால் எமரித்தாளை அதே கண்ணாடியில் விரித்துத் தேய்த்துச் சமமாக்குங்கள். புது ரப்பர், அளவான டைட், லெவல் திருகு வழியே வழியும்வரை ஆயில். அவ்வளவுதான்.

கிக் அடித்தால் காலைத் திருப்பி அடிக்கிறது. பாயிண்ட் எல்லாம் புதிது. (மதுரை வாசகர்)

டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், முன்னே போயிருக்கிறது. முதலில் பாயிண்ட் (பிரியும்போது பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளி 0.35 முதல் 0.40 எம்.எம். வையுங்கள். இதை மாற்றினால் டைமிங்கும் மாறும், ஆகவே வரிசை முக்கியம். அடுத்து, வேகம் கூடும்போது பொறியை முன்னே தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ். கேமை விரலால் திருப்பி விட்டால் ‘டக்’ என்று திரும்ப வர வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்து திரும்பாமல் நின்றால், நிற்கும்போதே வண்டி முழு அட்வான்ஸில் இருக்கிறது. உங்கள் காலுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

அது சரியென்றால், அட்வான்ஸ் இல்லாத நிலையில் பிஸ்டன் டாப்புக்கு 0.8 எம்.எம். முன்னே பாயிண்ட் பிரிய வேண்டும். கிராங்க் கணக்கில் ஏறக்குறைய 10 டிகிரி. பிளக் துளை சாய்ந்திருப்பதால் வெறும் கம்பியை விட்டு அளந்தால் அது நழுவும். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதன் நடுவே கம்பியைச் செலுத்துங்கள். டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னோக்கி உருட்டி எஞ்சினைச் சுற்றலாம். 0.8ஐத் தாண்டிப் பின்னால் போய், பிறகு முன்னோக்கி வந்தே அளவில் நிறுத்துங்கள். கியர்களின் ஆட்டம் அப்போதுதான் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

பாயிண்ட் பிரிவதைக் காட்ட ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்மீட்டரே போதும். சாவியைப் போட்டால், பாயிண்ட் சேர்ந்திருக்கும்வரை முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்திருக்கும்; பிரிந்த கணத்தில் நடுவுக்குத் துள்ளும். சாவியை அதிக நேரம் போட்டு வைத்தால் காயில் சூடாகும். ஆம்மீட்டர் வேலை செய்யவில்லையென்றால் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைப் பாயிண்ட் நடுவே வைத்து லேசாக இழுத்துக்கொண்டே சக்கரத்தை உருட்டுங்கள். தாள் நழுவும் இடம்தான் அது.

பூட்டிய பிறகு சார்ஜ் ஏறவில்லை, பிரைமரியில் ‘சர்சர்’ சத்தம். (புதுச்சேரி வாசகர்)

சார்ஜ் தரும் அசையாத சுருளான ஸ்டேட்டரை, அதற்குள் சுழலும் காந்தமான ரோட்டர் உரசுகிறது. சுற்றிலும் 0.2 எம்.எம். இடைவெளி வேண்டும். ஃபீலர் கேஜை நாலு இடத்தில் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் நுழையாவிட்டால் ஸ்டட் வளைந்திருக்கிறது அல்லது ஸ்டேட்டருக்குப் பின்னால் இருந்த வாஷர் இடம் மாறியிருக்கிறது. ஸ்டேட்டர் ஒயர் செயினில் படாமல் போகிறதா என்பதையும் அப்படியே பாருங்கள். உரசி அறுந்த ஒயரும் சார்ஜைக் கொல்லும்.

1968 வண்டி. ‘வின்டேஜ்’ நம்பர் வாங்கினால் தினமும் ஓட்டலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

முடியாது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் இருக்கும் வண்டி வின்டேஜ். மாநில எழுத்துக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்று நம்பர் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. பழைய ஆர்.சி. உயிரோடு இருந்தால் அதைப் புதுப்பித்து வைத்திருப்பதே ஓட்ட ஆசைப்படுபவருக்கு ஏற்றது.

எந்த வழியில் போனாலும் சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் படிக்கும்படி இருக்க வேண்டும். பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் முன் நம்பர் மேல் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். மூடிவிட்டார்கள் என்றால் கிரைண்டர் பக்கம் போகவே கூடாது, பெயின்ட் ரிமூவர் மட்டும்.

செயின் லாக்கின் வாய் எந்தப் பக்கம்? (அதே வாசகர்)

மூடிய பக்கம் செயின் ஓடும் திசைக்கு. பிஸ்டன் பின்னுக்குப் போடும் லாக் புதிதாகவே இருக்கட்டும், ஒருமுறை நெளிந்ததைத் திரும்பப் போடாதீர்கள். அதைப் போடும்போது கிராங்க் கேஸ் வாயில் துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்தால் மறுபடி முதல் கேள்வியிலிருந்து.